பழைய காருக்கு மாற்றுப் பின் ஆக்சிலும் டிஃபரென்ஷியலும் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பின் ஆக்சில் போய்விட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "இருப்பதிலேயே வலுவான ஆக்சில் எது?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் நாலாவது இடத்துக்குத் தள்ளிவைப்பேன். அகலம் சரியா, பல் விகிதம் சரியா, சக்கரமும் பிரேக்கும் பொருந்துமா என்ற மூன்றையும் முடிவுசெய்த பிறகு வலுவைப் பேசலாம். எவ்வளவு பேர்பெற்ற ஆக்சிலாக இருந்தாலும், மட்கார்டில் டயர் உரசினால் அந்த வண்டியில் அதற்கு வேலை இல்லை.

இங்கே பேசப்போவது முன்னால் எஞ்சின், நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு), பின்னால் ஒரே குழாயாக இருக்கும் ஆக்சில் என்ற பழைய அமைப்பைப் பற்றி. அந்த ஆக்சிலின் நடுவில் இருந்து, சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். இரண்டு பின் சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் ஓடும் வண்டிகளுக்கு வேறு கணக்கு.

முதலில், போனது ஆக்சில்தானா?

பின்னாலிருந்து வரும் சத்தமெல்லாம் டிஃபரென்ஷியல் சத்தம் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் கிரவுன்-பினியன் பற்களைச் சந்தேகப்படலாம் (கிரவுன் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்). மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வளைவில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் அநேகமாகச் சக்கர பேரிங். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்கள். கிளச்சை விடும்போது 'டொக்' என்று ஒரு அடி கேட்டால், டிஃபரென்ஷியலைத் திறக்கும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டுகளை அசைத்துப் பாருங்கள்.

பேரிங்கும் ஆயில் சீலும் மட்டும் போயிருந்தால், இருக்கும் ஆக்சிலையே பிரித்துச் சரிசெய்வதுதான் என் முதல் பரிந்துரை. அளவெடுக்கும் வேலை, வெல்டிங், பிரேக் மாற்றம் எதுவும் வராது. பல் உடைந்திருக்கிறது, ஹவுசிங் (வெளிக்கூடு) வளைந்திருக்கிறது, ஷாஃப்டின் ஸ்ப்லைன் (முனையில் இருக்கும் நீளவாக்குப் பற்கள்) முறுக்கிக்கொண்டது, உதிரிப்பாகம் எங்குமே கிடைக்கவில்லை, அல்லது முன்பைவிடப் பெரிய எஞ்சினை ஏற்றியாகிவிட்டது: மாற்று ஆக்சில் தேடுவதற்கு இவைதான் நியாயமான காரணங்கள்.

உங்கள் ஆக்சிலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் வாங்கப் போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வண்டியின் அளவுகள் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை.

முதல் அளவு, சக்கரம் வந்து உட்காரும் முகத்திலிருந்து எதிர்ப்பக்க முகம் வரை உள்ள அகலம். வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, பின் சக்கரங்களைக் கழற்றுங்கள். இரண்டு பக்க டிரம்களின் முகத்திலும் ஆளுக்கொரு நேரான இரும்புப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டிவைத்து, வண்டிக்கு அடியில் இரண்டு பட்டைகளுக்கும் இடையே டேப் பிடியுங்கள். ஆக்சிலுக்கு முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை. இரண்டும் ஒத்துவராவிட்டால் பட்டை சாய்ந்திருக்கிறது, அல்லது ஃபிளாஞ்ச் (ஷாஃப்டின் முனையில் சக்கரம் பொருந்தும் தட்டு) வளைந்திருக்கிறது. ஃபிளாஞ்சைத் திருப்பி மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும். டிரம்மோடு அளந்ததா, டிரம் இல்லாமலா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். விற்பவர் சொல்லும் அளவு பல நேரம் வெறும் ஃபிளாஞ்சுக்கு எடுத்ததாக இருக்கும். டிரம் முகத்தின் தடிமன் இரண்டு பக்கமும் சேர்ந்தால் பல மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

"அதே மாடல் வண்டியிலிருந்து எடுத்தது, அளக்கத் தேவையில்லை" என்ற பேச்சை நம்ப வேண்டாம். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்போக் சக்கரத்துக்கு வந்த ஆக்சில், சாதாரண இரும்புச் சக்கரத்துக்கு வந்த ஆக்சிலைவிடக் குறுகலானது. ஒரே பெயர், ஒரே காலம், ஆனால் மாற்றிப் போட்டால் டயர் தப்பான இடத்தில் நிற்கும்.

அகலம் கொஞ்சம் மாறினால் சக்கரத்தின் ஆஃப்செட்டை (சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஆக்சிலில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரத்தை) வைத்து ஈடுகட்டலாம். ஆக்சில் மொத்தத்தில் 25 மிமீ அகலமாக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் 12.5 மிமீ கூடுதல் ஆஃப்செட் உள்ள சக்கரம் போட்டால் டயர் பழைய இடத்துக்கே வரும். ஆனால் உள்பக்கம் டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும், வெளிப்பக்கம் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் குறைந்தது 20 முதல் 25 மிமீ இடைவெளி வேண்டும். வண்டி பாரம் ஏற்றி வளைவில் சாயும்போது அந்த இடைவெளி எவ்வளவு சுருங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பேசர் வைத்து ஒப்பேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அகலம் பொருந்தும் ஆக்சிலைத் தேடுவது நல்லது.

அடுத்து போல்ட் வட்டம், அதாவது சக்கர போல்ட்டுகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். நாலு போல்ட் என்றால் எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்திலிருந்து மையம். ஐந்து போல்ட்டுக்கு எதிர் போல்ட் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மைய இடைவெளியை அளந்து 0.588-ஆல் வகுங்கள். இடைவெளி 67.2 மிமீ வந்தால் வட்டம் 114.3 மிமீ. முன்னால் ஒரு வட்டம், பின்னால் வேறு வட்டம் என்று ஆகிவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டு பக்கமும் உதவாது. பாதி வழியில் பஞ்சரானால்தான் அதன் வலி தெரியும்.

தாளில் இன்னும் சில வேண்டும்: இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளின் மைய இடைவெளி, ஆக்சில் குழாயின் வெளி விட்டம், ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடங்கள், பினியன் ஃபிளாஞ்சின் போல்ட் அமைப்பு, பினியன் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. காயில் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் ஒவ்வொரு லிங்க் பிராக்கெட்டின் இடமும் கோணமும்கூட.

விகிதம்

கிரவுன் வீல் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதம். 41-க்கு 11 என்றால் 3.73. 37-க்கு 9 என்றால் 4.11. எண் பெரிதானால் இழுவை கூடும், நெடுஞ்சாலையில் எஞ்சின் அதிகமாகச் சுற்றும். எண் சிறிதானால் நெடுஞ்சாலையில் நிம்மதி, மேட்டில் திணறல்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 185/70 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 615 மிமீ. பாரத்தில் கொஞ்சம் அமுங்கி ஓடுவதால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.87 மீட்டர் நகரும். மணிக்கு 100 கிமீ வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 890 சுற்று சுற்றும். டாப் கியர் நேரடி என்றால், அதாவது கியர்பாக்ஸில் 1-க்கு 1 என்றால், 4.11 ஆக்சிலோடு எஞ்சின் சுமார் 3,660 சுற்றில் ஓடும். 3.73 என்றால் 3,320. 3.08 என்றால் 2,740. பழைய நாலு கியர் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு அந்த 900 சுற்று வித்தியாசம் பெரிய விஷயம். காதுக்கும் நல்லது, பெட்ரோலும் மிச்சம்.

அப்படியென்றால் எல்லோரும் 3.08 போட்டுவிடலாமா? கூடாது. சின்ன எஞ்சினால் அதை இழுக்க முடியாது. முதல் கியரில் வண்டியைக் கிளப்பவே கிளச்சைத் தேய்க்க வேண்டிவரும். டாப் கியர் பெயருக்குத்தான் இருக்கும். மேலே சொன்ன எம்ஜிபி இதற்கும் நல்ல உதாரணம்: 1.8 லிட்டர் நாலு சிலிண்டர் வண்டிக்கு 3.909 கொடுத்த அதே நிறுவனம், 3.5 லிட்டர் வி8 போட்ட ஜிடி மாடலுக்கு 3.07 கொடுத்தது. பெரிய எஞ்சின் தாங்கியது. சின்ன எஞ்சின் வண்டிக்கு நெடுஞ்சாலை நிம்மதி வேண்டுமென்றால், ஆக்சிலைத் தொடாமல் ஐந்து கியர் பெட்டிக்கு மாறுவது பல நேரம் மேல். ஐந்தாவது கியர் 0.8 என்றால், அதே 4.11 ஆக்சிலோடு 100 கிமீ வேகத்தில் சுமார் 2,930 சுற்றுதான் வரும். முதல் கியரின் இழுவையும் குறையாது.

என் கணிப்பில், எஞ்சின் மாறாத வண்டிக்கு பழைய விகிதத்திலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலக வேண்டாம். இன்னொன்று, கியர்பாக்ஸிலிருந்து இயங்கும் ஸ்பீடோமீட்டர் விகிதம் மாறினால் பொய் சொல்லத் தொடங்கும். 4.11-லிருந்து 3.73-க்கு மாறினால், உண்மையில் 100-ல் போகும்போது முள் 91-ஐக் காட்டும். ஸ்பீடோமீட்டரின் சிறு கியரை மாற்றியோ மீட்டரைத் திருத்தியோ இதைச் சரிசெய்யாமல் சாலையில் இறங்கக் கூடாது.

முத்திரைத் தகடு இல்லாத ஆக்சிலின் விகிதத்தைத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. சாதாரண ஓபன் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் தடையின்றிச் சுற்ற விடும் வகை) என்றால், ஒரு பக்க ஃபிளாஞ்சை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை 20 முறை சுற்றுங்கள். பினியன் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, 10-ஆல் வகுங்கள். பினியன் 37 முறையும் கொஞ்சமும் சுற்றியிருந்தால் அது 3.73. 41 முறைக்குச் சற்றுமேல் என்றால் 4.11.

வலு எவ்வளவு வேண்டும்?

ஆக்சிலுக்கு வரும் முறுக்குவிசை எஞ்சினுடையது மட்டும் இல்லை. 150 நியூட்டன் மீட்டர் எஞ்சின், 3.6 முதல் கியர், 4.11 ஆக்சில் என்றால் சக்கரங்களுக்குப் போவது 2,200 நியூட்டன் மீட்டருக்கும் மேல். ஆனால் டயர் வழுக்கிவிட்டால் அதற்கு மேல் ஏறாது. அதனால் குறுகலான பழைய டயரில் ஓடும் வண்டியின் ஆக்சில் தப்பித்துக்கொள்கிறது. அதே வண்டிக்கு அகலமான ஒட்டுப்பிடி டயர் போட்டதும் உடைகிறது.

வலுவைக் கிரவுன் வீலின் விட்டம், ஷாஃப்டின் தடிமனும் ஸ்ப்லைன் எண்ணிக்கையும், பினியன் தண்டின் தடிமன் ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். ஒரே விட்டமுள்ள கிரவுனில் விகித எண் கூடக் கூட பினியன் சிறிதாகும், பல்லும் வலுவிழக்கும்.

ஷாஃப்டை ஹவுசிங்குக்குள் எது பிடித்துவைக்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சில ஆக்சில்களில் ஷாஃப்டின் உள்முனையில் 'சி' வடிவ கிளிப் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கும். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமும் அதோடு வெளியே வந்துவிடலாம். பேரிங்கை ஷாஃப்டில் அழுத்திப் பொருத்தி, வெளிமுனையில் தகடு வைத்துப் போல்ட் அடித்த வகையில், உள்ளே உடைந்தால்கூட சக்கரம் இடத்திலேயே நிற்கும். இரண்டுமே கோடிக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வடிவங்கள்தான். ஆனாலும் எனக்கு விருப்பம் இரண்டாவது.

அளவுக்கு மீறிய வலுவும் தொல்லையே. லாரிக்கும் பெரிய ஜீப்புக்கும் செய்த ஆக்சிலைச் சின்னக் காரில் மாட்டினால், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடிவிடும். ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் குதிக்கும்.

டிஃபரென்ஷியல் வகையைப் பொறுத்தவரை, தினசரி ஓட்டத்துக்கு ஓபன் போதும். எஞ்சின் வலு கூடியிருந்தால் ஹெலிகல் (சாய்ந்த பல்) கியர் வைத்த லிமிடெட் ஸ்லிப் வகை நல்லது; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை அது கட்டுப்படுத்தும். தேய்ந்துபோக அதில் கிளச் தகடுகள் கிடையாது. தகடு வகை மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் ஒருநாள் தகடு மாற்ற வேண்டிவரும். இரண்டு சக்கரத்தையும் நிரந்தரமாகப் பூட்டிவிடும் ஸ்பூல் சாலைக்கு ஆகவே ஆகாது.

எங்கே தேடுவது

உங்கள் மாடலின் பிந்தைய வருட வண்டி, பெரிய எஞ்சின் வைத்த வகை, அதே அடித்தளத்தில் வந்த ஸ்டேஷன் வேகன் அல்லது வேன்: முதலில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே தேடுங்கள். ஸ்பிரிங் இருக்கையும் பிரேக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

அங்கே கிடைக்காவிட்டால்தான் வெளியே. அமெரிக்க வண்டிகளில் ஃபோர்டின் 9 அங்குல ஆக்சில் (அங்குலக் கணக்கு கிரவுன் வீலின் விட்டம்) இன்றும் பெயர் சொல்கிறது. 1957 முதல் 1986 வரை வண்டிகளில் வந்தது. டிஃபரென்ஷியல் முழுவதும் முன்பக்கமாகத் தனியே கழன்று வரும். மேசையில் வைத்தே பல் அமைப்பைச் சரிசெய்யலாம். பினியன் மிகத் தாழ்வாக இருப்பதால் பற்களுக்கு இடையே உராய்வு கொஞ்சம் அதிகம், அந்த அளவு சக்தி வீணாகும். எல்லோரும் அதையே கேட்பதால் விலையும் ஏறியிருக்கும். அதைவிடச் சிக்கனமான வழி, 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சில். டிஸ்க் பிரேக்கோடு, 31 ஸ்ப்லைன் ஷாஃப்டோடு வரும். பினியன் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது அதன் குறை. நீளமான குழாயை வெட்டிக் குறைத்து, இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்டையே போட்டு அதை நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். குழாயை வெட்டி ஒட்டுவதற்கு நேர்கோட்டு ஜிக் வேண்டும். கண்ணளவில் செய்யும் வேலை இல்லை.

விகிதத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கினால் ஒரு சங்கதி. சில ஆக்சில்களில் எல்லா விகிதத்துக்கும் ஒரே கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் உள்கூடு) ஒத்துவராது. டானா 44 என்ற அமெரிக்க ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து வேறு கேரியர். கியர் செட்டின் விலையோடு கேரியர் விலையையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

பழையதை வாங்கும்போது

அவசரப்பட வேண்டாம். ஆக்சிலைத் தரையில் வைத்து, பின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்; முன்பக்கமாகக் கழலும் வகை என்றால் டிஃபரென்ஷியலைக் கழற்றச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

முதலில் ஆயிலை இரண்டு விரலுக்கிடையே எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளில் துரு இருக்கும். அடியில், அல்லது காந்தம் இருந்தால் அதன் மேல், மையைப் போல நைசான சாம்பல் நிறப் பூச்சு இருப்பது வயதின் அடையாளம்தான். நகத்தில் மாட்டும் அளவு தூளோ, மினுங்கும் சில்லோ வந்தால் எங்கோ உடைந்திருக்கிறது.

பிறகு ஒரு துணியால் கிரவுன் வீலின் பற்களைத் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பாருங்கள். முகம் வழவழப்பாக, ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். அம்மைத் தழும்பு போன்ற குழிகள், விளிம்பில் படி போன்ற மேடு, நீலம் பாய்ந்த நிறம், மூலையில் சின்ன உடைப்பு, இதில் எது இருந்தாலும் அந்தக் கிரவுன்-பினியனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹவுசிங்குக்கு மட்டும் விலை பேசுங்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உரசிச் சேர்த்தவை. ஜோடிக்கு ஒரே எண் பொறித்திருப்பார்கள். எண் வேறாக இருந்தால் யாரோ கலந்துபோட்டிருக்கிறார்கள், அது கடைசிவரை ஊளையிடும்.

பினியன் ஃபிளாஞ்சை மேலும் கீழும் அசையுங்கள். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். மணல் கடிப்பது போல உணர்ந்தால் பேரிங் போயிருக்கிறது. கிரவுனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது பல்லுக்குப் பல் மிகச் சிறிய இடைவெளி தெரியும். பெரும்பாலான ஆக்சில்களில் அது 0.15 முதல் 0.25 மிமீ.

ஷாஃப்டை வெளியே எடுத்து, ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும். 'சி' கிளிப் வகைகளில் பேரிங் உருளைகள் நேராக ஷாஃப்டின் மீதே ஓடும், அந்த இடத்தில் சொறி இருந்தால் ஷாஃப்டே கழிவு. கடைசியாக, ஃபிளாஞ்சைச் சுற்றிவிட்டு அது தள்ளாடுகிறதா என்று பாருங்கள். விபத்தில் பக்கவாட்டில் அடிவாங்கிய வண்டியின் ஆக்சில் வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பொருத்தும் முன் தீர்க்க வேண்டியவை

ஸ்பிரிங் இருக்கைகளை முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, வண்டியைத் தன் சொந்தக் கனத்தில் நிறுத்தி, பினியன் கோணத்தைச் சரிபார்த்த பிறகே முழு வெல்டு. கியர்பாக்ஸ் வெளிமுனையின் கோடும் பினியனின் கோடும் இணையாக இருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில், இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும் என்பதால், ஒன்றிரண்டு டிகிரி கீழே சாய்த்து வைப்பார்கள். இரண்டு கிராஸ் ஜாயிண்டுகளின் கோணமும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் அதிர்வு வரும். வெல்டைச் சிறிது சிறிதாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் குழாய் வளையும்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் வண்டி தரையில் நிற்கும்போதே அளக்க வேண்டும். முன்முனை கியர்பாக்ஸுக்குள் முழுதாகப் போய், அங்கிருந்து 20 முதல் 25 மிமீ வெளியே வந்த நிலைதான் சரி. இரண்டு முனைகளிலும் ஜாயிண்ட் அளவு வேறாக இருந்தால், இரண்டு அளவு கொண்ட கலப்பு கிராஸ் கிடைக்கும். ஷாஃப்டை வெட்டினால் பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பின்னால் பெரிய பிரேக் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். முடிந்தால் பழைய பிரேக்கின் பின்தகடுகளையே புது ஆக்சிலுக்கு மாற்றுங்கள். டிரம்மிலிருந்து டிஸ்க்குக்குப் போனால், மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்காக வைத்திருக்கும் மிச்ச அழுத்த வால்வை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு பிரப்போர்ஷனிங் வால்வும் தேவைப்படலாம். ஹேண்ட்பிரேக் கேபிளை மறந்துவிடுகிறார்கள். அதன் நீளமும் முனையும் பொருந்துமா என்று வாங்கும்போதே பாருங்கள். இத்தகைய மாற்றத்தைப் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் வேலை தொடங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

பூட்டிய பிறகு

புது கிரவுன்-பினியன் போட்டிருந்தால் பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, தொடும் தடத்தைப் பாருங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் வேர்ப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் கிரவுனை நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. நுனிப்பக்கம் ஏறியிருந்தால் தள்ளி நிற்கிறது. ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டை) மாற்றித் திரும்பப் பாருங்கள். தடம் சரியாக வரும்வரை மூடியை மூடச் சம்மதிக்காதீர்கள். பினியனில், பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும் நசுங்கும் ஸ்லீவ் இருந்தால் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புதிது போட வேண்டும்.

ஆயில், ஹைபாய்டு கியருக்கான (பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி அமைந்த கியர்) ஜிஎல்-5 தரம். பாகுநிலை கையேட்டில் சொன்னபடி. 80டபிள்யூ-90-ஓ 75டபிள்யூ-90-ஓ பெரும்பாலும் ஒத்துவரும். தகடு வகை லிமிடெட் ஸ்லிப்புக்கு அதற்கான சேர்மானமும் வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் அடி விளிம்புவரை ஆயில் நின்றால் சரி. ஹவுசிங்கின் காற்றுத்துளை அடைத்திருந்தால் ஆயில் சூடாகி, போட்ட புது சீல்களையே தள்ளிக்கொண்டு வெளியேறும். அதைக் குத்திச் சுத்தம்செய்யுங்கள்.

முதல் நாள் 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, ஹவுசிங் நன்றாக ஆறும்வரை நிறுத்துங்கள். அப்புறம் மறுபடி அதே மாதிரி இரண்டு மூன்று முறை. புதுப் பற்கள் முதல் சூட்டில்தான் ஒன்றோடொன்று படிகின்றன. அந்த நேரத்தில் அடித்து ஓட்டினால் பல்லின் முகம் கருகிவிடும். முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுக்க வேண்டாம், நின்ற இடத்திலிருந்து சீறவும் வேண்டாம். 100 கிலோமீட்டர் ஆனதும் ஸ்பிரிங் யூ-போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப முறுக்குங்கள். 800 ஆனதும், வண்டியை ஓட்டிச் சூடாக்கி, ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் காந்தத்தை ஓட்டிப் பார்த்து, சில்லு எதுவும் இல்லையென்றால் அந்த ஆக்சிலை நம்பி நீண்ட பயணம் போகலாம்.